பால் மட்டுந்தான்

ஹோர்னிலிருந்து றமீஸ் கையை எடுக்கவேயில்லை. கல்லடிப் பாலத்தின் நடுவில் மீன் லொறி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டோவை வலது பக்கம் வெட்டினான். எதிரே வந்த பஸ் ஒரு முழ இடைவெளியில் உறுமிக்கொண்டு போனது.

"மெல்லப் போடா! உயிரோட போய்ச் சேரணும்!" பின் சீற்றிலிருந்து கத்தினாள் அகீலா, அவனுடன் பிறந்த ராத்தா.

"மெல்லப் போக நேரமில்ல ராத்தா. நிஸ்றா, மூச்சு இருக்கா? சொல்லு புள்ள!"

"இருக்கு." அவன் மனைவி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

கண்ணாடியில் பார்த்தான். நிஸ்றாவின் மடியில் நாலரை மாதச் சரீப், நனைந்த துணிபோலக் கிடந்தான். தலை சரிந்தால் சரிந்தபடியே நின்றது. இமைகள் பாதிக்கு மேல் எழும்பவில்லை. மலம் கழித்து நாலு நாள். விடியற்காலையிலிருந்து பால் இல்லை. மார்பில் வைத்தால், உறிஞ்சவே தெரியாதவன் மாதிரி விட்டுவிட்டான். அழுகையும் பூனைக்குட்டியின் முனகலாகச் சுருங்கிவிட்டது.

நேற்று வரைக்கும் அந்த வீட்டில் ஒரே ஒரு சண்டைதான். இவனுக்கு எப்போது சோறு தீத்துவது?

"நாலு மாசம் முடிஞ்சிட்டு மச்சி. என்ட மூணும் நாலிலேயே கஞ்சி குடிச்சதுகள்தான். இப்ப பாரு, மாடு மாதிரி நிக்கிதுகள்" என்பாள் அகீலா.

"மிட்வைப் மிஸ் ஆறு மாசமெண்டு சொன்னவ மதினி. ஒரு நாள் குறைஞ்சாலும் நான் தண்ணிகூடக் குடுக்கமாட்டன்" என்பாள் நிஸ்றா.

"அப்ப கிளினிக் கார்டை எடுத்துப் பாரு! போன மாசம் நிறைப் புள்ளி எங்க நிண்டது, இந்த மாசம் எங்க கிடக்கு? உன்ட பால்ல தண்ணிதான் வருது."

நடுவில் றமீஸ். காத்தான்குடி வழக்கப்படி கல்யாணத்தோடு மனைவி வீட்டில் குடியேறியவன். ராத்தாவும் நாள் தவறாமல் அங்கே வந்து நிற்பாள். ராத்தாவை எதிர்த்துப் பேசினால் கூடப்பிறந்தவள் கோபிப்பாள். நிஸ்றாவை எதிர்த்துப் பேசினால் படுக்க இடமிருக்காது. அதனால் ஏற்கெனவே துடைத்த ஓட்டோவை இன்னொரு தரம் துடைப்பான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ நின்றதும் நிற்காததுமாக நிஸ்றா பிள்ளையோடு குதித்து ஓடினாள்.

டொக்டர் தக்ஷாயினி சரீபின் கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது. கண்ணுக்குள் டோர்ச் அடித்தார். அவர் முகம் மாறியது.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்க?"

"ஒண்டுமில்ல டொக்டர். தாய்ப்பால் மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"அல்லாஹ்மேல ஆணையா, பால் மட்டுந்தான்!"

தாதி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு நெருங்கினாள். டொக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க மிஸ்." பிறகு மூவரையும் பார்த்துத் திரும்பினார். "கேளுங்க. இது இரத்தத்தில கிருமி எண்டால் இந்த ஊசி இப்பவே ஏறணும். ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல. நான் நினைக்கிற மற்ற வருத்தமெண்டால், இதே ஊசி இவன்ட மூச்சை நிப்பாட்டிப்போடும். உண்மை தெரிஞ்சால் மெஷினில மூச்சைத் தாங்கி, இவனைத் திருப்பிக் கொண்டுவரலாம். நாளெடுக்கும், ஆனா வருவான். யாரோ இவன்ட வாயில ஏதோ வைச்சிருக்கிறீங்க. யார்?"

றமீஸ் சட்டென்று ராத்தாவின் பக்கம் திரும்பினான்.

"நேத்துப் பின்னேரம் நீதான் இவனைக் குசினிக்குள்ள தூக்கிட்டுப் போன."

"டேய்!"

"கஞ்சி வாசம் வந்தது ராத்தா. நான் ஒண்டும் கேக்கல்ல. அது என்ட பிழை. இப்ப கேக்கிறன்."

அகீலா பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சினன்தான்" என்றாள். "கரண்டிய வாய்க்கிட்டக் கொண்டு போனன்தான். பொக்கை வாயால என்னைப் பார்த்துச் சிரிச்சான்டா. இவள் பெத்த புள்ள, இவள் வேணாமெண்டு சொல்றாள், நான் ஆரு எண்டு வந்திட்டு. வாளிக்குள்ள ஊத்திட்டன். தீத்தல்ல. நான் வாய்க்காரிதான்டா, கள்ளியில்ல."

"பொய் சொல்லாத ராத்தா! என்ட புள்ள சாகப்போறான்!"

"சத்தம் போடாதீங்க" என்றார் டொக்டர். "கஞ்சி குடுத்திருந்தாலும் இப்பிடி வராது."

றமீஸ் ராத்தாவை விட்டு டொக்டரின் பக்கம் திரும்பினான்.

படுக்கையில் சரீபின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. அடுத்தது ஏறப் பிந்தியது. தாதி டொக்டரையே பார்த்தாள். "டொக்டர், ஒக்சிஜன் குறையுது."

"டியூப் றெடி பண்ணுங்க." அவர் நிஸ்றாவின் முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, சோறு கஞ்சிய விடுங்க. சனம் சாப்பாடெண்டே நினைக்காத சாமான் ஒண்டிருக்கு. மருந்தெண்டு நாக்கில தொட்டு வைக்கிறது. உங்களுக்கும் எனக்கும் ஒண்டும் செய்யாது. ஒரு வயசாகாத குடலுக்குள்ள போனால், அதில இருக்கிற கிருமி முளைச்சு விஷம் கக்கும். முதல்ல மலம் இறுகும். மறுகா கண், கழுத்து, கை கால். கடைசியா மூச்சு."

நிஸ்றா றமீஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்க..." டொக்டரை அல்ல, புருஷனைத்தான் கூப்பிட்டாள். "பால்ல தண்ணியெண்டு மதினி சொன்ன அண்டையிலிருந்து... நிறை ஏறட்டுமெண்டு... ஆறு மாசத்துக்கு முந்திச் சாப்பாடு குடுக்கக்கூடாதெண்டுதானே மிஸ் சொன்னவ? நான் அதை மீறல்ல. இது சாப்பாடில்லையே, மருந்துதானே?"

"என்னத்தப் புள்ள குடுத்த?"

வலது கைச் சுட்டு விரலை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தேன். உன்னிச்சைக் காட்டுத் தேன். பத்து நாளா, ஒவ்வொரு தரமும் பாலுக்கு முந்தி, நான்தான் தடவினன்."