சுமித்திராவின் சார்ட்டில் காணாமல் போகும் ஒன்றரை மணித்தியாலம்

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தானாக நடந்து வந்தது. வன்னியில், நெளுக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுமித்திரா ஒரு புதன்கிழமை பின்னேரம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, நீங்கள் கதை எழுதிற ஆள், கொம்பியூட்டர் தெரியும்தானே?" என்றாள். எழுதுகிறவளுக்குக் கணினி தெரியும் என்று இந்த ஊரில் யார் கட்டிவிட்டார்களோ! எனக்குத் தட்டச்சு தெரியும். அழிக்க அதைவிட நன்றாகத் தெரியும். (இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு என்னைக் குத்தப்போகிறது.)

2

முதல் தொடக்கம்: "ஆனையிறவு உப்பளத்தின் மேல் வானம் கறுத்துக் கிடந்த ஒரு..."

சே! சார்ட்டுக்கும் உப்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? வன்னி என்றதும் கை தானாக அங்கே போகிறது. வெட்டு.

இரண்டாம் தொடக்கம்: "இணைக்கப்பட்ட விரிதாள் எனப்படுவது யாதெனில்..."

இது பரீட்சைத்தாள். வெட்டு.

சும்மா சொல்கிறேன். திரையில் தங்கத்தின் விலை ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு சார்ட். அதன் பின்னால் கட்டம் கட்டமாக இலக்கம் போடுகிற ஒரு விரிதாள் (சுமித்திராவின் வாயில் 'சீட்'). விலை மாறும்போதெல்லாம் அந்த இலக்கம் விரிதாளில் போய் விழும். சுமித்திரா எழுதிவைத்த சூத்திரங்கள் அதைச் சோதிக்கும். சரிவந்தால் சார்ட்டில் ஒரு பச்சை அம்பு தோன்றும், "இப்போது வாங்கலாம்" என்று. அவ்வளவுதான். (அவள் தன் காசு எதையும் போடவில்லை, எல்லாம் பயிற்சி. "சூதாட்டமோ?" என்று வாய் திறக்கிற வாசகருக்காக இந்த அடைப்புக்குறி.)

கொழும்பில் ஒரு கொம்பனி இப்படிச் சார்ட் பார்க்க ஆள் எடுக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். அடுத்த வாரம் இணையவழியாகத் தன் அம்புகளை அவர்களுக்குக் காட்டவேண்டும். அது சரிவராவிட்டால், மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, கொழும்பில் போர்டிங்கில் தங்கிக் கடை வேலைக்குப் போகவேண்டும். கடைக்காரரோடு பேசியும் ஆயிற்று. மகளைப் பற்றிச் சொல்லும்போது சுமித்திரா என் முகத்தைப் பார்க்கவில்லை.

3

"நாளுக்கு ஒருக்கா அம்பு நிண்டுபோகுது அக்கா. ஒரே நேரமெண்டாலும் பரவாயில்லை. செவ்வாய் பின்னேரம், புதன் மத்தியானம். ஆளை விசராக்குது."

"சீட்டின்ரை பேரை மாத்திப் பாத்தீரே?"

"பாத்தன். அது தன்ரைபாட்டுக்குப் பழைய பேரிலை வெறும் சீட் ஒண்டைத் திறந்து வைச்சுக்கொண்டு என்னைப் பாக்குது. அதிலை நான் எழுதினது ஒண்டுமில்லை. திருப்பிப் பழையதையே போட்டன். ஒரு இடத்திலை கைவைச்சால் மற்ற இடத்திலை இடியுது."

இது எனக்கு விளங்கியது. இந்தக் கதையின் இரண்டாம் பகுதியில் மகளின் வயதை ஆறிலிருந்து மூன்றாகத் திருத்தினேன். பார்த்தால், ஆறாம் பகுதியில் அதே பிள்ளை வெள்ளைச் சீருடையோடு பாடசாலையால் வந்துகொண்டிருந்தாள். அவளை அங்கிருந்து தூக்கியதும் அந்தப் பகுதியே சரிந்துவிட்டது.

4

வியாழன் காலை குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, நாட்கலண்டரில் முதல்நாள் தாளைக் கிழித்தேன். (காஸ் சிலிண்டர் மாற்றிய திகதியைக் குறிக்கத்தான் அதை மாட்டியிருக்கிறேன். நல்ல நேரம், கெட்ட நேரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதிவுசெய்துகொள்ளுங்கள்.) தாளின் அடியில் சின்ன எழுத்தில்: இராகு காலம், பகல் ஒன்றரை தொடக்கம் மூன்று வரை. கிழித்த புதன்கிழமைத் தாளைப் பார்த்தேன். மத்தியானம்!

வேலியடிக்கு ஓடினேன். ஒன்றரைக்கு இரண்டு பேரும் லப்டொப்பின் முன்னால் இருந்தோம். அம்பு நின்றது. மூன்று மணிக்குத் திரும்பி வந்தது.

"ஐயோ அக்கா, தங்கத்துக்கும் ராகு காலமோ?"

5

யார் வேலை? என் முதல் வரைவில் அது மாமியார் மீனம்மா. கோழிக்குஞ்சு வாங்கப் போவதற்கும் கலண்டர் பார்க்கிற மனிசி. ஒன்றரைப் பக்கம் நன்றாகத்தான் வந்தது. சுமித்திரா வாசித்துவிட்டு, "மாமிக்கு லப்டொப்பைத் திறக்கவே தெரியாது அக்கா," என்று சிரித்தாள். வெட்டு.

மிச்சம் இருப்பது கணவன் சிவகரன். விஞ்ஞான ஆசிரியர். தாய் நேரம் பார்த்தால், "ராகு என்ன பஸ்ஸே அம்மா, ரைமுக்கு வர?" என்று நக்கலடிக்கிறவர். இப்படி ஒரு பாத்திரத்தை நான் கற்பனையில் செய்திருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஆனால் விரிதாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு நிரல் (சுமித்திரா 'கொலம்' என்பாள்) மறைத்து வைக்கப்பட்டிருந்தது.* சிவகரன் தானும் பழகிப் பார்க்க, சுமித்திராவின் சார்ட்டைப் பிரதி எடுத்திருக்கிறார். சார்ட் இரண்டாகிவிடும், விரிதாள் இரண்டாகாது. இரண்டு சார்ட்டும் ஒரே தாளில்தான் தொங்கும். அது தெரியாமல், தன்னுடைய தாள் என்று நினைத்து, அந்த நேரத்தில் மட்டும் அம்பு விழாதபடி ஏழு நாளுக்கும் எழுதி வைத்திருக்கிறார் மனிசன்.

* ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதியிருந்தார். பின்னேரம் சந்தை பூட்டு. பயம் பூட்டவில்லை.

6

சனிக்கிழமை கொம்பனி அறிவித்தது: திங்கள் காலை எட்டு மணி. கலண்டரில் திங்கள் இராகு காலம், ஏழரை தொடக்கம் ஒன்பது. சுமித்திரா ஒன்றும் தெரியாதவள் போலக் கணவனிடம் சொன்னாள். அவர் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டோ? பத்துக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டுப் பாரன்."

"ஏன்?"

"காலமையிலை கரண்ட் நிக்கும்."

"எப்ப நிண்டது? நீங்கள் மறைச்ச கொலத்தை நான் பாத்திட்டன்."

தண்ணீர் ஒரே கன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"போனமுறை நீ இன்ரவியூவுக்குப் போய்க் கிடைக்காமல் வந்ததும் திங்கள் எட்டு மணிதான்," என்றார் சிவகரன். "உன்னைக் கொழும்புக்கு விட்டிட்டு இந்த வீட்டிலை இருக்க என்னாலை ஏலாது சுமி. அதாலை... அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

கோபிக்கத்தான் இருந்தாளாம். அழுகை வந்துவிட்டது என்றாள். கொம்பனி நேரத்தை மாற்ற மறுத்துவிட்டது.

7

திங்கள், ஏழே முக்கால். சுமித்திராவும் சிவகரனும் என் குசினியில் நிற்கிறார்கள். நிரலை அழித்தால் எட்டு மணிக்கு அம்பு விழும். அழிக்காவிட்டால் கொம்பனிக்காரர் வெறும் சார்ட்டைப் பார்ப்பார்கள். நேற்று முழுவதும் "நீங்கள் அழியுங்கோ", "நீயே அழி" என்று மாறிமாறித் தள்ளி, நேரம் ஏழரையையும் தாண்டிவிட்டது.

"அக்கா, உங்களுக்குத்தானே இதிலை நம்பிக்கையில்லை," என்று லப்டொப்பை என் முன்னால் வைக்கிறாள் சுமித்திரா. "நீங்கள் அழிச்சு விடுங்கோ."

முடிவு ஒன்று: அழிக்கிறேன், அம்பு மழையாய்க் கொட்டுகிறது, வேலை கிடை...

முடிவு இரண்டு: அழிக்கிறேன், வேலை கிடைக்கவில்லை, அந்தப் பிள்ளை தாயைத் தேடி அழுகிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம்...

இரண்டிலும் அழிக்கிறவள் நான்தான். விரலை அழிக்கிற விசையில் வைத்துவிட்டேன். நம்பிக்கை கிடையாது என்று நாலாம் பகுதியில் பதிந்திருக்கிறேன், போய்ப் பாருங்கள். விரல் அதை வாசிக்கவில்லை போலிருக்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் படித்தவர். நீங்கள் இருக்கிற இடத்தில் நேரமும் வேறாக இருக்கும். கொஞ்சம் இப்படி வாருங்கோ, இந்த விசைதான். சுவர்ப் பக்கம் திரும்பாமல், கலண்டரைப் பார்க்காமல் அழுத்துங்கோ.

ஏன் திரும்புகிறீர்கள்?