அப்பா கழற்றிய பியூஸ்

துளசி செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது, ஐஸ் பெட்டியின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வீட்டில் மின்சாரம் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணியின் வீட்டில் மட்டும் இல்லை. இதைக் கேட்டால் அப்பாவே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். காலையில் வேலூரில் தன் வீட்டுக்குப் போன் வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை, அந்த முகத்தைப் பார்த்ததும் பீறிட்டுக்கொண்டு வந்தது. சித்திரை வெயில் கொளுத்தியது. தம்பி சுதர்சன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர நாளைக் காலை ஆகிவிடும். அதுவரை அப்பாவை வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயர் பெட்டியைத் தாங்காமல் கருகிவிட்டதாம்.

"மெயின்ல பீஸ் கட்டையே இல்லம்மா," என்றார் தணிகாசலம். அப்பாவிடம் இருபது வருஷம் லைன்மேனாக இருந்தவர். "ஹால் பல்பை மாத்த ஐயா கழட்டியிருக்காரு. மாத்திட்டு ஸ்டூல்லேந்து இறங்கி நாற்காலில உக்காந்தாராம். தண்ணி கேட்டாராம். அம்மா கொண்டாறதுக்குள்ள..." மெயின் போர்டைத் திரும்பிப் பார்த்தார். "சட்டைப் பை, அலமாரி, எல்லாம் தேடிட்டோம்."

"ஒரு கம்பிய முறுக்கிப் போடுய்யா!" என்று வாசலிலிருந்து பெரியப்பா கத்தினார். "ஊருக்கே கரண்ட் குடுத்தவன், இதுக்குப் போயி முழிச்சிக்கினு நிக்கிறியே?"

"கட்டை யார் கையில இருக்குதுன்னு தெரியாம கரண்ட் குடுக்காதன்னு சொல்லிக்குடுத்ததே ஐயாதாங்க. அவரு வீட்லயே நான் எப்படி..."

அப்பாவின் வேலை அப்படி. வைகாசி கருட சேவையில் பெருமாளின் குடை கம்பியில் படாமலிருக்கத் தெருத் தெருவாக மின்சாரத்தை நிறுத்தி, கழற்றிய கட்டைகளைத் தோள்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். ஊரே பெருமாளைப் பார்க்கும். அவர் அண்ணாந்து கம்பியைப் பார்ப்பார். "பெருமாளைச் சேவிச்சீங்களா?" என்று அம்மா வருஷா வருஷம் கேலி செய்வாள். "அடுத்த வருஷம்," என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். எந்தச் சின்ன வேலைக்கும் கட்டையைக் கழற்றி யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார். ஆறு வயதுத் துளசி இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறாள். "நானா கேக்கற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காத கண்ணு. அப்பா உசுரு உன் கையிலதான் இருக்குது." வேலை முடிந்ததும் அவள் கேட்பாள்: "இறங்கிட்டியாப்பா?" "இறங்கிட்டேன், குடு," என்று கையை நீட்டுவார்.

துளசி சட்டென்று அம்மாவைப் பார்த்தாள்.

ஜெயம்மாள் பெட்டியின் ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் காலையில் சொன்னதோடு சரி, பிறகு அழவில்லை, பேசவில்லை, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை என்றார்கள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. துளசி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினாள். மூடிய விரல்களுக்கிடையே வெள்ளைப் பீங்கான் தெரிந்தது.

"குடும்மா."

கை இன்னும் இறுகியது. "அவரு கேக்கல," என்றாள் ஜெயம்மாள். "தண்ணிதான் கேட்டாரு. கட்டைய கேக்கவே இல்லடி."

"பிடுங்குடி, நேரமாவுது," என்றார் பெரியப்பா. பிடுங்கிவிடலாம்தான். துளசிக்கு மனம் வரவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா இறங்கிட்டாரும்மா."

ஜெயம்மாள் மேலே பல்பைப் பார்த்தாள். மூலையில் இருந்த ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"இறங்கிட்டாரா?"

"இறங்கிட்டாரு. வேலை முடிஞ்சிடுச்சு. குடு."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையில் கட்டையின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. துளசியின் தோளில் முகத்தை வைத்து ஜெயம்மாள் அப்போதுதான் அழுதாள்.

தணிகாசலம் கட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் பெட்டி உறுமத் தொடங்கியது. ஹாலில் அப்பா மாற்றிய பல்பு எரிந்தது.

பட்டப்பகலில் எதற்கு என்று பெரியப்பா சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் பெரியப்பா," என்றாள் துளசி.