ஏறி வரும் பஸ்ஸுக்கு வழி

இது நடந்தது தை மாதமா மாசியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யார் முதலில் பேச்செடுத்தார்கள் என்பதையும் நான் மாற்றிச் சொல்லக்கூடும். கிழங்கு லோடு இறங்கும் காலம் என்பதும், அந்த பஸ்ஸும் மட்டும் நிச்சயம்.

கோகிலவாணி கோயம்புத்தூரில் செல்போன் கேம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளே யோசித்து, இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த முதல் கேம் முடியும் தறுவாயில் இருந்தது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்றிய மினி லாரியைப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டும். சுடுவதற்கு ஆளே கிடையாது. கீழே பஸ் ஹார்ன் கேட்டால் லாரி ஓரங்கட்டும். பஸ் ஏறிக் கடக்கும்வரை எதை அழுத்தினாலும் நகராது.

அங்கேதான் சிக்கல். ஆடிப் பார்த்த பதினோரு பேரில் ஒன்பது பேர், வளைவில் கேம் ஹேங் ஆகிவிடுகிறது என்று எழுதிவிட்டார்கள். மேலாளர் சுமித்ரா அன்று மாலை ஐந்து மணிவரை நேரம் கொடுத்திருந்தாள். காத்திருப்பதை எடுத்துவிட்டு, டிரைவருக்கு ஒரு சோகக் கதை சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கேமையே கைவிட்டுவிடுவார்கள்.

லீவில் கொல்லிமலை மேல் சொந்த ஊரான அரியூர் நாட்டுக்கு வந்திருந்த கோகிலவாணி, லோடுக்காக நின்றிருந்த அண்ணன் மாதேஸ்வரனின் லாரிக்குள் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. சுமித்ரா கேட்டதை அண்ணனிடமும் சொல்லியிருந்தாள்.

"இப்ப வர்ற கேமெல்லாம் ஏங்கண்ணு எழவு ஊடு மாதிரியே இருக்குது?" என்றான் மாதேஸ்வரன். "பொண்டாட்டி செத்தவன், புள்ளையத் தொலைச்சவன். அழுதுக்கிட்டே சுடறான். மழை வேற."

"சின்னதுல ஆடுன உங்க டிவி கேம்ல மட்டும் என்னத்தைக் கண்டீங்களாமா?"

"ஒரே கேசட்டுல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது கேமு. டேங்கி சண்டை, பைக்கு, வாத்து சுடறது, செங்கல் அடுக்கறது..."

"கேசட்டு மேல அப்படிப் போட்டிருந்துச்சு. உள்ள ஏழுதானுங்ண்ணா. எட்டாவதுல இருந்து அதே டேங்கி, கலர்தான் வேற. உக்காந்து எண்ணுனவ நானு."

அவன் சிரித்துவிட்டான். "சரி, ஏழுதான். ஏழும் ஏழு விதம். இப்ப ஏழாயிரம் இருந்தும் ஒரே விதம்."

"உங்க போன்ல வெளம்பரமா வர்றதை மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். தோட்டம் போடறது, தபால் குடுக்கறதுன்னு எத்தனையோ இருக்குது. அழுவாச்சிக் கதையிலயும் நல்லது இருக்குதுங்ண்ணா. ஒன்னை முடிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல."

"அப்பறம் என்ன? உன்ற டிரைவரையும் அழ உட்டுட்டுப் போ சாமி."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே பார்த்தாள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி காற்றில்லாமல் நின்றது. சோகத்தின் மேல் அவளுக்கு வெறுப்பில்லை. அவளுடைய டிரைவருக்குச் சோகம் இல்லை, அவ்வளவுதான். அவன் கிழங்கு கொண்டு போகிறான். அதை ஒரு காரணமாக எழுதி அனுப்பினால் சுமித்ரா ஒப்புக்கொள்வாளா?

கடைசியில் போனை அண்ணனிடம் நீட்டினாள். அதுவரை அவனுக்குக் கேமைக் காட்டியதே இல்லை.

கேமில் முப்பத்தெட்டாம் வளைவில் ஹார்ன் கேட்டது. லாரி ஓரங்கட்டியது. மாதேஸ்வரன் போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தான். எதையும் அழுத்தவில்லை, எதையும் கேட்கவில்லை. இருபது விநாடி கழித்து பஸ் வளைவில் திரும்பி ஏறி வந்தது. அவன் கை பதிலுக்குக் காட்டத் தானாக ஸ்டியரிங்குக்கு மேல் எழுந்து, பாதியில் நின்றது.

"ஏங்கண்ணு, யாரு இந்த பஸ் டிரைவரு? வழி உட்டு நிக்கறோம், ஒரு கை காட்ட மாட்டேங்கறான். மலைக்குப் புதுசா?"

கோகிலவாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழிவிட்டவனுக்குக் கை காட்டாத டிரைவரை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. தினமும் பார்த்ததாலேயே வரைய மறந்திருந்தாள். நகரத்து ஆட்களுக்கு லாரி நின்றது தெரிந்தது. யாருக்காக நின்றோம் என்பதைச் சொல்லத்தான் அந்தக் கேமில் யாரும் இல்லை.

மூன்று மணிக்கு வரைய ஆரம்பித்தாள். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, விரல்கள் விரிந்து, உள்ளே போகும். அவ்வளவே. காத்திருப்பதை எடுக்கவில்லை, கதையும் சேர்க்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். பிறகு இறங்கி, மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு டீ வாங்கப் போனாள்.

சுமித்ரா அதே பதினோரு பேருக்கும் மறுபடி கொடுத்துப் பார்த்தாள். இம்முறை ஹேங் என்றவர்கள் நான்கு பேர். கேம் வெளிவந்தது, கொஞ்சம் பேர் ஆடினார்கள், எட்டு மாதத்தில் கம்பெனி அதை ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. சுமித்ரா பெங்களூருக்குப் போய்விட்டாள். கோகிலவாணி அதே கம்பெனியில், வேறொருவரின் சோகக் கேமுக்கு மழை வரைகிறாள், பிடித்துத்தான் வரைகிறாள். மாதேஸ்வரன் கிழங்கு ஓட்டுகிறான். அவன் போனில் மட்டும் அந்தக் கேம் இன்னும் இருக்கிறது. அறுபதாம் வளைவை அவன் இதுவரை தாண்டவில்லை.