முதல் பாட்டோடு போதும்

பிறந்து வளர்ந்த ஊரிலேயே அன்செல்மோவை டூரிஸ்ட் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார்கள். மேஜையில் மெழுகுவத்தி, சிவப்புத் துணி, எதிரே டாங்கோ ஆட்ட மேடை. புவனெஸ் அயர்ஸின் சந்துபொந்தெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர் கையில் இங்கிலீஷ் மெனு அட்டை.

"வாத்தியாரே, நான் இந்த ஊரு மத்தாதேரோஸ் பேட்டைக்காரன்யா," என்றார் சர்வரிடம்.

சர்வர் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அப்ப இங்க என்ன பண்றீங்க? நம்மாளுங்க யாரும் இந்தக் கூத்துக்கு வரமாட்டாங்களே!"

"எம்பொண்ணு கூட்டிட்டு வந்தா. அவளுக்கு இப்ப ஊரு சுவீடன்."

"ஓ," என்றவன், துக்கம் விசாரித்தவனைப்போல அவர் தோளைத் தட்டிவிட்டு, ஒயினைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினான்.

மகள் ஹிமெனாவும் மருமகன் யோரனும் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் அவர் மனைவி எல்பா இறந்தபோது மகளால் வரமுடியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். இப்போது அதை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு நாள் வந்திருக்கிறாள். அன்செல்மோ அவளுடைய பழைய அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி, புது விரிப்பு விரித்து வைத்திருந்தார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரே ஒரு ராத்திரி வீட்டில் வந்து படு.

பஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி ஊரையே திட்டித் தீர்த்த வாய் அது. இந்த ஒரு வரிக்கு மட்டும் திறக்கமாட்டேன் என்றது. விமான நிலையத்தில் கேட்க நினைத்தார், பெட்டி வரவில்லை. வேனில் கேட்க நினைத்தார். பக்கத்தில் ஒரு ஜப்பான்காரர் உறங்கிக்கொண்டிருந்தார், எழுப்புவானேன் என்று விட்டார். இறைச்சி அடைத்த எம்பனாதாவை ஒரு கடி கடித்துவிட்டு, "கண்ணு..." என்றார். மேடையில் திரை விலகிவிட்டது.

பல்லிடுக்கில் ரோஜாவோடு ஒருத்தி வந்தாள். அவளை ஒருவன் தூக்கினான், சுழற்றினான், தரையில் துடைத்தான்.

"நீங்க ஆடப்போற கிளப்லயும் இப்படி ரோஜாவைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஆடுவாங்களான்னு யோரன் கேக்கறார்," என்றாள் ஹிமெனா.

"எங்க பொம்பளைங்க வாயில பூ இருந்தா நாங்க ஏன் இத்தன திட்டு வாங்கியிருப்போம்னு சொல்லு."

அவள் சிரித்தாள். எல்பாவின் சிரிப்பு. அன்செல்மோ இறைச்சியை வெட்டுவதில் மும்முரமானார்.

ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பாளன் மைக்கோடு கீழே இறங்கினான். விருந்தினர்களும் ஆடலாமாம். யோரன் மனைவியையும் மாமனாரையும் பிடித்துத் தள்ளினான்.

கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கிளப்பில் நாலு பாட்டு சேர்ந்தது ஒரு கட்டு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஜோடிகள் நின்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். கட்டு முடியும்முன் பெண் 'கிராசியாஸ்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. ரொட்டிக் கடையில் சொன்னால் அது நன்றி. ஆடும் இடத்தில் சொன்னால், உன்னோடு ஆடியது போதும். ஏன் என்று கேட்கக்கூடாது; இருக்கைவரை கொண்டுபோய் விடவேண்டும். எல்பா முதல்முறை ஆடியபோது, முதல் பாட்டோடு அவருக்கு அதைச் சொன்னவள்தான். மறுபாட்டுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க எதிர்மேஜையில் உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்துக் கிடந்தார்.

பாட்டு தொடங்கியது. சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் சிரித்துக்கொண்டிருக்க, ஹிமெனா அவர் மார்பில் சாய்ந்து, எடையைக் கொடுத்து, அவர் நினைக்குமுன் திரும்பினாள். சுவீடன் குளிர் இவள் காலுக்கு ஏறவில்லை. பாட்டு நின்றது. அன்செல்மோ மூச்சை இழுத்துக்கொண்டார்.

"கண்ணு, நம்ம வீட்டுல..."

"கிராசியாஸ், பா."

அவர் கை அவள் முதுகிலேயே இருந்தது. மருமகன் நாட்டில் கதவு திறந்தாலும் நன்றி, மூடினாலும் நன்றி என்பார்களாம். அந்தக் கிளையைத் தாவிப் பிடித்தார்.

"இது சுவீடன் நன்றியா, நம்ம கிளப் நன்றியா?"

அவள் நிமிரவில்லை. "கிளப் நன்றிதான். கேக்காதீங்க பா. படுக்கை போட்டிருப்பீங்கன்னு தெரியும். அம்மா ரூம் கதவைத் தாண்டி என்னால அந்தப் பக்கம் போகமுடியாது."

ஒவ்வொரு விடிகாலையும் அதே கதவைத் தாண்டித்தான் அவர் கக்கூசுக்குப் போகிறார். இதையெல்லாம் மகளிடம் சொல்லவா முடியும்?

"யாரு கேட்டா? இறைச்சி ஆறிப்போகுதுன்னு சொல்ல வந்தேன்," என்றார்.

விதிப்படி அவளுக்குக் கையைக் கொடுத்து மேஜைப்பக்கம் நடந்தார். இரண்டாம் பாட்டு தொடங்கியிருந்தது. அறிவிப்பாளன் பாய்ந்து வந்து வழி மறித்தான்.

"அட, அதுக்குள்ள களைச்சுட்டீங்களா! இந்த அழகான ஜோடி எந்த நாட்டுலேருந்து?"

ஹிமெனா மைக்கில் குனிந்தாள். ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள்.

"சுவீடன்."

கைதட்டல். மைக் அன்செல்மோவின் மூக்குக்கு வந்தது. தூரத்தில் சர்வர் தட்டைத் தூக்கியபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க, ஐயா?"

மகளின் விரல்கள் அவர் கைக்குள் சில்லென்று இருந்தன.

"நானும் இவளோட வந்தவன்தான்," என்றார் அன்செல்மோ.

"அடேங்கப்பா, நம்ம ஸ்பானிஷ் கூட நல்லா பேசறாரே!" என்று கூவினான் அறிவிப்பாளன். கூடம் முழுக்கக் கைதட்டியது. யோரன் எழுந்து நின்றே தட்டினான். அன்செல்மோ தலைகுனிந்து வணக்கம் வைத்தார், வந்த இடத்தில் மரியாதை தவறக்கூடாது பாருங்கள்.