புல்வெளியில் ஒருவன் எழுந்தான்

1

இந்தக் கதை ஒரு தவறான வரியிலிருந்து பிறந்தது. தம்பி ஆடும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அதில் ஆளைச் சுற்றித் தெரியும் விளிம்பு தன் அணிக்கு நீலம், எதிரிக்குச் சிவப்பு. அவன் கண்ணால் பார்ப்பதுபோல் எழுதினேன்: 'புல்வெளியில் சிவப்பாக ஒருவன் எழுந்தான்.'

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"புல்லுல ஆளு எப்படிக்கா தனியாத் தெரியும்? அசைஞ்சாத்தானே தெரியும்!"

"பளிச்சுன்னு சிவப்பா இருக்கேடா."

சிரிப்பு நின்றது. "எங்க?"*

2

(இங்கே கண் மருத்துவர் வரும் பத்தியை அடித்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்: சிவப்பும் பச்சையும் இவனுக்குப் பிறந்ததிலிருந்தே வேறுவேறாகத் தெரியாது.)

அப்படியென்றால் இத்தனை வருடமும் வெறும் அசைவைப் பார்த்தா சுட்டான்? யார் குனிந்து ஓடுவான், யார் சுடுமுன் தோளைத் திருப்புவான், எல்லாம் அத்துப்படி. அணியில் 'மோப்பம்' என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத இந்தச் சோம்பேறிக்குள் இப்படியொரு

(சொல் கிடைக்கவில்லை. விட்டுவிடுகிறேன்.)

3

செட்டிங்ஸில் எதிரியின் நிறத்தை மஞ்சளாக்கினேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அக்கா... இவ்வளவு பேர் இங்கயா நின்னுட்டிருந்தாங்க?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அன்று மாலை ஆட்டத்தில் மஞ்சளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்று செத்தான். ஹெட்போனில் கேப்டன் கத்தினாள்: "மோப்பம், தூங்கறியா? இப்படியே ஆடினா ஃபைனல்ல உன் இடத்துல வேற ஆளு!"

(இவளை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.)

4

முடிவு ஒன்று: மஞ்சளோடு ஆடி வெல்கிறான். சினிமாத்தனம்.

முடிவு இரண்டு: சிவப்புக்கே திரும்பி, பழைய மோப்பத்தால் வெல்கிறான். ஆனால் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டவன் இனி பார்க்காமல் எப்படி இருப்பான்?

முடிவு மூன்றில் அவன் தோற்

இன்று ஃபைனல். நிறத்தை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. "நீ சொல்லுக்கா, மஞ்சளா சிவப்பா?" என்கிறான். கதை எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறான். என் தம்பி எதை இழப்பான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நான் எழுதிய அந்த முதல் வரியில் ஒரே ஒரு சொல்லை அழித்து, நிரப்பச் சொல்லி உங்களிடம் தருகிறேன். சீக்கிரம், அவன் காத்திருக்கிறான்.

புல்வெளியில் ............ ஒருவன் எழுந்தான்.

* கூட ஆடுபவர்கள் "சிவப்பு வர்றான்" என்று கத்தும்போதெல்லாம், அது எதிரிக்கு வைத்த பெயர் என்றே நினைத்திருந்தானாம்.