பத்தாவது குண்டு

அந்த வீட்டு மருமகளின் வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் மாமனார் போட்ட விலை: ஒரு முக்காலி, ஒரு மின்விளக்கு, தலை இடிக்காத உயரத்தில் ஒரு கூரை. பேரம் படிந்து மூன்று வருஷம் ஆகிறது. விரலுக்குச் சொந்தக்காரியைத்தான் யாரும் கேட்கவில்லை.

விரல் இரண்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது. சைக்கிள் சக்கரத்தின் அச்சைப் பிடித்து மெல்லத் திருப்பும், அவ்வளவுதான். உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டதா, அச்சின் திருகில் ஏறும் கூம்பான கோன் தேய்ந்து குழி விழுந்திருக்கிறதா, அச்சு மயிரிழை வளைந்திருக்கிறதா என்று சக்கர நடுவிலுள்ள ஹப்பைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். கல்யாணமான இரண்டாம் வாரம், சும்மா கிடந்த சக்கரம் ஒன்றைச் சுற்றிப் பார்த்து, "இதுக்குள்ள ஒண்ணு உடைஞ்சிருக்கு மாமா" என்று வாயைத் திறந்தாள். பிரித்துப் பார்த்தார்கள். உடைந்துதான் இருந்தது. வாயைத் திறந்ததற்கு அவள் இன்றுவரை வருந்துகிறாள்.

மாமனார் சைக்கிள் கடைக்காரர். கடை முன்னால், சமையலறை பின்னால், இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை. அந்த நடைதான் அவளுடைய பட்டறை. ஜன்னல் கிடையாது. கடைப்பக்கச் சுவரில், டிக்கெட் கொடுக்கும் இடம்போல ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகக் கெட்ட சக்கரம் உள்ளே வரும், நல்ல சக்கரம் வெளியே போகும். தெருவுக்குப் போக வேண்டுமென்றால் கடை வழியாகத்தான் போக வேண்டும். கடையின் குறுக்கே மாமனாரின் மேசை. மேசையோடு சேர்ந்த பலகையை அவர் தூக்கிவிட்டால்தான் வழி. தூக்குவதற்கு முன், "எங்கம்மா?" என்று கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார். தினமும் அன்பாக ஒருவர் எங்கே என்று கேட்டால், நாளாக நாளாகப் போவதற்கு இடமே இல்லாமல் போய்விடும்.

அவளை மறைத்து வைத்ததற்கு அவரிடம் வியாபாரக் காரணம் இருந்தது. "பொம்பளை பார்த்த வேலைன்னு தெரிஞ்சா கூலியில பாதிதான் தருவான். நம்ம ஊர் வாய் அப்படி. நீ உள்ள இரு, பேரு வெளிய இருக்கட்டும்." பேர் அவள் கணவனுக்குப் போயிற்று. முன்பக்கம் நின்று சக்கரத்தை வாங்கி, ஓட்டைக்குள் தள்ளி, திரும்ப எடுத்து, துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுப்பவன் அவன்தான். ஊரே அவனைக் கைராசிக்காரர் என்று கூப்பிட்டது. அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி காலை, பார்சல் கம்பெனியின் டிப்போ மேற்பார்வையாளர் மூன்று பின்சக்கரங்களோடு கடைக்குள் நுழைந்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவருக்குப் பென்சில்காரர் என்று பேர். தொண்ணூற்றாறு சைக்கிள்கள் அவர் பொறுப்பில் ஓடின. எல்லாவற்றுக்கும் ஹப்புக்குள் உருளும் இரும்புக் குண்டுகள் இந்தக் கடையிலிருந்துதான் பொட்டலமாகப் போகும். ஒரு பொட்டலம், சக்கரத்தின் ஒரு பக்கத்துக்கு.

"உங்க சரக்குல ஏதோ கோளாறு பெரியவரே," என்றார். "போட்டுப் பதினஞ்சு நாள் ஆகல, எல்லா வண்டியும் கரகரங்குது. இறுக்கினா சுத்த மாட்டேங்குது, தளர்த்தினா லொடலொடன்னு ஆடுது. பையனுங்க மிதிச்சு மிதிச்சு முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கானுங்க."

"என் சரக்குலயா?" மாமனார் நெஞ்சில் கை வைத்தார். "முப்பது வருஷத்துல ஒரு குண்டு திரும்பி வந்ததில்ல. உங்க ஆளுங்க பூட்டுற லட்சணமா இருக்கும்."

"இருக்கலாம். பின்சக்கர மேசையில இருந்த ஆள் போயிட்டார். இப்ப இருக்கிறவங்களுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டிப் பூட்டத்தான் தெரியுது. அதனாலதான் சொல்றேன், இன்னைக்கு இதைக் கண்டுபிடிக்கிறவர் யாரோ, அந்த மேசை அவருக்கு. ஜன்னலோரம். அஞ்சு மணி அடிச்சா வீட்டுக்குப் போயிடலாம். சம்பளம் அவங்க கையில."

ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுந்தது. ஜன்னலோரம் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். சம்பளம் கையில் என்பது அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

கைராசிக்காரன் வழக்கம்போல முதல் சக்கரத்தை ஓட்டைக்குள் தள்ளப் போனான். பென்சில்காரர் அவன் தோளைப் பிடித்தார்.

"இங்கயே பாருங்களேன் தம்பி. நானும் கத்துக்கிறேன்."

பாவம், அவனும் பார்த்தான். கோன் இறுக்கமாக இருக்கும் என்று அரைத்திருப்பு தளர்த்தினான். சக்கரம் குடிகாரனைப்போல் ஆடியது. திரும்ப இறுக்கினான், கரகர. அச்சு வளைந்திருக்கும் என்று புது அச்சு போட்டான். புது அச்சிலும் பழைய கரகர. கிரீஸ்தான் என்று முடிவுகட்டி, குண்டுகளை எல்லாம் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று துடைத்து, எடுத்ததில் ஒன்றுகூடக் குறையாமல் திருப்பிப் போட்டான். எடுத்ததை எல்லாம் அப்படியே திருப்பிக் கொடுப்பது நாணயமான மனிதனின் குணம். ஹப்புக்கு அந்தக் குணம் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் போனது. பென்சில்காரர் மணியைப் பார்த்தார்.

"உள்ள கொஞ்சம் வெளிச்சம் நல்லா இருக்கும்," என்று சொல்லி, கைராசிக்காரன் இரண்டாவது சக்கரத்தை ஓட்டைக்குள் நுழைத்தான். அதைவிடப் பெரிய பொய்யை அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை. "ஏய், சீக்கிரம் பாரு. மானம் போகுது."

அவள் அச்சைத் திருப்பினாள். குழி விழுந்த கோன் என்றால் ஒரே இடத்தில் தட்டும். வளைந்த அச்சு என்றால் பாதி வட்டம் இறுக்கம், பாதி வட்டம் தளர்ச்சி. இது இரண்டுமில்லை. கூட்டமான பஸ்ஸில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒருவர் மட்டும் மற்றவர்கள் மடியில் ஏறி உட்கார்ந்ததுபோல, உள்ளே நெருக்கடி ஊர்ந்து ஊர்ந்து இடம் மாறியது. அவள் கோனைக் கழற்றினாள். கிண்ணம்போன்ற கப்பில் குண்டுகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் இரண்டின் தோளில் தூக்கி நின்றது. விரலால் தொட்டு எண்ணினாள். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பத்து. மறுபக்கம் திருப்பினாள். அங்கேயும் பத்து.

அவள் பூட்டுகிற சக்கரங்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. பொட்டலத்தை அவள் பிரிப்பதே இல்லை. டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறவள்.

"என்ன, தெரிஞ்சிதா?" ஓட்டையில் கணவனின் கண்.

"தெரிஞ்சிது."

"சொல்லு, சொல்லு. நான் போய்ச் சொல்லிடறேன்."

"மூணு வருஷமா நீங்கதாங்க சொல்லிட்டிருக்கீங்க. இதை நான் சொல்றேன்."

"விளையாடாத. அப்பா இருக்காரு."

"மாமா இருக்கிறப்பதான் சொல்லணும். அவருக்கும் சேர்த்துத்தான் இது."

ஓட்டை வழியாக அவளால் வர முடியாது. நடையின் ஓரத்துக் கதவைத் தாண்டி, கடைக்குள் வந்து நின்றாள். கையில் சக்கரம், முழங்கை வரை கிரீஸ். பென்சில்காரர் அவளைப் பார்த்தார், பிறகு துடைத்த கையோடு நிற்கும் கைராசிக்காரனைப் பார்த்தார். கணக்குத் தெரிந்த மனிதர்.

அவள் மேசையில் செய்தித்தாளை விரித்துக் குண்டுகளைத் தட்டினாள். "எண்ணிப் பாருங்க சார்."

பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். "பத்து."

"ஒன்பதுதான் போடணும். ஒன்பது போட்டா ஒரு நூல் இடம் மிச்சம் இருக்கும், உருளும். பத்துப் போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்காரும். எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் சரிவராது."

"அப்ப எங்க ஆளுங்க ஏன் பத்துப் போடறாங்க?"

"பொட்டலத்துல எத்தனை மாமா இருக்கு?" என்று அவள் திரும்பிக் கேட்டாள்.

மாமனார் நிமிர்ந்தார். தன் சரக்கைப் பற்றி யாராவது கேட்டால் நிமிர்வது அவர் வழக்கம். "பத்து! ஒன்பது கணக்கு, ஒண்ணு கொசுறு. பெரிய இடம் ஆச்சேன்னு போன மாசத்துலேர்ந்து நானே என் கையால எண்ணிப் போடறேன். கொசுறு இல்லாம ஒருத்தரை நான் இந்தப் படி இறக்கி..."

அதோடு நின்றது. அவர் கண் செய்தித்தாளில் கிடந்த பத்துக் குண்டுகளுக்குப் போயிற்று.

பென்சில்காரர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த குண்டுகள் உருண்டன. "இலவசமாக் குடுத்தே தொண்ணூத்தாறு வண்டியையும் படுக்க வெச்சிட்டீங்களே பெரியவரே! காசு வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்குமோ!" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த மேசை உங்களுக்குத்தான். மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பேன். முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்குள்ள வரலேன்னா வேற ஆள் போட்டாகணும்."

கடையில் எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். அடி வாங்கிய வியாபாரியைக் குறைத்து எடைபோடக் கூடாது. விழுந்த இடத்திலேயே கடை விரிப்பான்.

"தாராளமாப் போகட்டும்," என்றார். "யார் வேணாம்னா? ஆனா ஒண்ணு. என்னால கெட்ட சக்கரம் தொண்ணூத்தாறு. அதை அப்படியே விட்டுட்டு மருமக போனா, கடை பேரு என்ன ஆகும்? நிமிர்த்திக் குடுத்துட்டுப் போகட்டும். கூலி வேணாம் சார், நம்ம தப்பு. என்னம்மா, சரிதானே?"

அவள் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். தேய்ந்த கோனை மாற்றி, கழுவி, ஒன்பது எண்ணிப் போட்டு, கோட்டம் எடுக்க, நாளைக்கு நாலு. நாலு வீதம் இருபத்து நாலு நாள். ஆறாம் தேதி ஆரம்பித்தால் இருபத்தொன்பதில் முடியும். சரியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சரியாக இருந்தது.

"சரி மாமா. தொண்ணூத்தாறு," என்றாள்.

மறுநாள் டிப்போ வண்டி வந்து இறக்கியது. நடை முழுவதும் சக்கரம். சுவரில் மாட்டியது போக, கூரையில் தொங்கவிட்டது போக, மீதி தரையில் சாய்ந்து நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் கம்பி, கம்பிக்குப் பின்னால் கம்பி. சமையலறைக்குப் போக ஏழு சக்கரங்களை நகர்த்த வேண்டும். திரும்பி வர அதே ஏழை மறுபடி நகர்த்த வேண்டும். மூன்றாம் நாள் முக்காலியில் உட்கார்ந்தால் காலை நீட்ட முடியவில்லை. ஒன்பதாம் நாள் ஓட்டையே மறைந்துவிட்டது.

"எடுத்த பத்தாவது குண்டெல்லாம் தனியா டப்பாவுல போட்டு வைம்மா," என்று மாமனாரின் குரல் மட்டும் வந்தது. "கடைச் சொத்து."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தினமும் நாலு வெளியே போனது. தொங்கும் சக்கரம் மட்டும் குறையவில்லை. அவள் முதலில் தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்தாள். பன்னிரண்டாம் நாள், ஒரு சக்கரத்தின் கம்பியில் யாரோ குழந்தையின் ரிப்பன் கட்டியிருந்ததைப் பார்த்தாள். டிப்போ வண்டிக்கு ரிப்பன் ஏது?

"ஏங்க, இது யாரோட சக்கரம்?"

ஓட்டைக்கு அந்தப் பக்கம் தொண்டை கனைப்பு. "அப்பா வாசல்ல பலகை எழுதி வெச்சிருக்காரு. நம்மகிட்ட பொட்டலம் வாங்கினவங்க யாரா இருந்தாலும் கொண்டு வாங்க, சும்மா சரிபண்ணித் தர்றோம்னு."

"எத்தனை வந்திருக்கு?"

"வந்துக்கிட்டேதான் இருக்கு. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிடுது. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு."

அது உண்மை நாணயமா, மேசைப் பலகையைத் தூக்காமல் இருக்க ஒரு வழியா? அவள் எவ்வளவோ யோசித்தாள். கடைசியில், அவருக்கே தெரியாது என்ற முடிவுக்கு வந்தாள். அவருடைய நாணயமும் சாமர்த்தியமும் ஒரே அச்சில் சுற்றுகிறவை. பிரித்துப் பார்க்க வழியில்லை.

"அடுத்த மாசம் பார்த்துக்கலாமே," என்றான் கணவன்.

"அடுத்த மாசம் அந்த மேசையில வேற ஆள் இருப்பாங்க."

"அவருக்கு வயசாச்சு."

"எனக்கும் ஆயிட்டிருக்குங்க. இந்த வெளிச்சத்துல உங்களுக்குத் தெரியல."

மறுநாளிலிருந்து நாலை ஆறாக்கினாள். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சக்கரம் சுற்றினாள். தூக்கத்தில்கூட விரல் இரண்டும் போர்வையின் ஓரத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததாகக் கணவன் சொன்னான். இருபதாம் நாள் டிப்போ சக்கரங்களில் கடைசியும் போயிற்று. ஒத்துக்கொண்டது முடிந்தது என்று அவள் நிமிர்ந்தபோது, சுற்றிலும் அறுபத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அலுவலகம் போகிற ஒருவர், பள்ளிக்கூடம் போகிற ஒருவர், கும்பிடு போட்டுவிட்டுப் போன ஒருவர். முகம் தெரியாதவர்களை ஏமாற்றுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் மிச்சமிருந்த நாலு நாளும் சேர்த்து உட்கார்ந்தாள்.

முப்பதாம் தேதி காலை ஏழரைக்குக் கை கழுவினாள். கிரீஸ் நகத்தடியில் நின்றுவிட்டது. இருக்கட்டும் என்று விட்டாள். சக்கரங்களை நகர்த்தி நகர்த்திக் கடைக்கு வந்தாள். கோன் ஸ்பேனரைக் கணவன் கையில் வைத்தாள்.

"எங்கிட்ட எதுக்கு? எனக்கு என்ன தெரியும்?"

"ஒன்பது வரைக்கும் எண்ணத் தெரியும்ல? போதும்."

மேசைப் பலகை இறங்கித்தான் இருந்தது. மாமனார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"எங்கம்மா?"

சக்கரம் வந்ததையும் போனதையும் அவள் தினமும் குறித்துவந்த சிலேட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் விரல் வைத்துக் கூட்டினார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. ஒரு எண் பிசகியிருந்தால் மத்தியானம் வரை பேசியிருப்பார். பிசகவில்லை. கடிகாரம் ஏழே முக்கால் காட்டியது. கணக்குச் சரியாக இருக்கும்போது வழிமறிப்பது அவருக்குத் தெரியாத தொழில். அவளைப் பார்க்காமலே பலகையைத் தூக்கினார். அவள் படியிறங்கிய பிறகும் தூக்கிய பலகையைக் கையில் பிடித்தபடி சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது: நூற்று ஐம்பத்தேழு.
ஒத்துக்கொண்டது: தொண்ணூற்றாறு.
முடித்தது: நூற்று இருபது.
பாக்கி: முப்பத்தேழு, வாசலில் பலகை எழுதியவர் பேரில்.