பெல்டர்ஷா குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை

சிங்கப்பூர் தேக்காவில் கோவிந்தராசுவின் பீங்கான் கடையில் நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். மாலையில் கிளமெண்டியில் தமிழ்க் கட்டுரை வகுப்புக்குப் போகிறவள் என்று தெரிந்ததும் அவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். இங்கிலாந்தில் இரண்டு நூற்றாண்டுகளாகப் பீங்கான் தொழில் நடத்தும் பெல்டர்ஷா குடும்பத்தின் வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டும். சைவ உணவு மாதர் சங்கம் தன் பொன்விழாவுக்கு உறுப்பினர் எல்லோருக்கும் பெல்டர்ஷா தேநீர் செட் தர நினைத்திருந்தது. ஆர்டரில் கையெழுத்திடும் கூட்டத்தில் நான் அந்த வரலாற்றை வாசிக்க வேண்டும்.

“ஆர்டர் கிடைச்சா நீ பெர்மனென்ட். கிடைக்கலன்னா வேற இடம் பாத்துக்கமா,” என்றார்.

இங்கிலாந்திலிருந்து வந்த தடித்த புத்தகத்தைத் தலைமுறை வாரியாகப் பிரித்துக்கொண்டேன். வேறு முறை இருந்திருக்கலாம். எனக்கு இதுதான் தெரியும். முதல் தலைமுறை சைலஸ், களிமண்ணோடு போராடித் தோற்றார். மூன்றாம் தலைமுறையில் அண்ணனும் தம்பியும் கோப்பையின் கைப்பிடி எவ்வளவு வளைய வேண்டும் என்று சண்டையிட்டு, ஆலையின் நடுவே சுவர் எழுப்பினார்கள். நான்காம் தலைமுறை அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துப் பராமரித்தது. ஐந்தாம் தலைமுறை சுவரோடு சேர்த்து நிலத்தை விற்றது. இப்போது கோப்பைகளை வேறொரு நாட்டில் யாரோ சுட்டுத் தருகிறார்கள். குடும்பம் வரலாற்றை மட்டும் சொந்தமாகத் தயாரிக்கிறது.

சிக்கல் இரண்டாம் தலைமுறையில் இருந்தது. எட்மண்ட் பெல்டர்ஷா மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, களிமண்ணோடு பாதிக்குப் பாதி கலந்தார். கோப்பை பால்போல் வெளுத்தது, குடும்பம் பிழைத்தது. பெட்டியிலேயே ‘போன் சைனா’, அதாவது எலும்புப் பீங்கான், என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுத்தான் விற்கிறோம். ஆங்கிலத்தில் படிக்கும்போது யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை.

“பாஸ், இது சைவச் சங்கம்.”

“அதுனால?”

“இதுல மாட்டெலும்பு இருக்கு.”

அவர் கடையைச் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எலும்ப எடுத்துட்டு மிச்சத்தை எழுது லா.”

“எடுத்துட்டா ரெண்டாம் தலைமுறைக்கு ஒண்ணுமே மிஞ்சாது.”

“பொறந்தாரு, உழைச்சாரு, செத்தாருன்னு போடு. எங்கப்பாவுக்கும் அவ்வளவுதான்.”

‘அரிய பொருள் ஒன்றைக் கலந்தார்’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. உண்மை என்று சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை.

கூட்டம் சிராங்கூன் சாலையில் ஒரு மாடி அறையில் நடந்தது. ஏழாம் தலைமுறை ஜூலியன் பெல்டர்ஷா சாங்கி விமான நிலையத்திலிருந்து நேராக, கோட்டும் வியர்வையுமாக வந்திருந்தார். நான் வாசித்து முடித்தபோது சங்கத் தலைவி சந்திரமதி பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

“நல்லா எழுதியிருக்கமா. அந்த ரெண்டாவது ஆளு என்னதான் கலந்தாரு?”

பாஸைப் பார்த்தேன். அவர் மேலே குளிர்காற்று ஊதிய ஏர்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டெலும்புச் சாம்பல், ஆன்ட்டி. பாதிக்குப் பாதி.”

பேனா மூடியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. தமிழ் தெரியாத ஜூலியன், எல்லோரும் வியந்து வாயடைத்துப் போனதாக எண்ணிக்கொண்டு எழுந்து நின்று தலை வணங்கினார்.

“சிவ சிவா!” என்றார் பொருளாளர் ரஞ்சிதம். “என் கல்யாணத்துக்கு வந்த செட்டும் இதே மாதிரிதானே?”

“அதுல குடிச்சீங்களா?” சந்திரமதியின் குரலில் விசாரணை இருந்தது.

“சேச்சே! அது ஷோகேஸ்ல இருக்கு லா. யாராவது எடுத்துக் குடிப்பாங்களா? உடைஞ்சுட்டா?”

“நான் என் மருமகளைத் தொடக்கூட விட்டதில்ல,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அதன்பின் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். இங்கிருந்து சுவா சூ காங் வரை எல்லா வீட்டிலும் கண்ணாடி அலமாரி, அதற்கொரு பூட்டு, உள்ளே ஒரு செட். அதில் தேநீர் குடித்தவர் ஒருவர்கூட இல்லை.

சந்திரமதி சற்று யோசித்தார். “வாயில படல. அப்ப யாருக்கும் தோஷமில்ல. ஆர்டர் போட்டுடலாம். ஆனா ஒரு கண்டிஷன். ‘காட்சிக்கு மட்டும்’னு பெட்டியில தமிழ்ல அடிச்சுக் குடுக்கணும். வெவரம் தெரியாம யாராவது டீ ஊத்திடப் போறாங்க.”

கையெழுத்திட்டார்.

என்ன முடிவாயிற்று என்று ஜூலியன் என்னிடம் கேட்டார். இந்தக் கோப்பைகளில் யாரும் ஒருபோதும் குடிக்கப் போவதில்லை, பெட்டியில் ‘காட்சிக்கு மட்டும்’ என்று அச்சிட வேண்டுமாம் என்று சொன்னேன். கைப்பிடிக்காகச் சுவர் எழுப்பிய குடும்பத்தின் வாரிசு கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டார். பிறகு, “எங்கள் வீட்டிலும் அம்மா தொட விடுவதில்லை,” என்றார். அந்த வாசகத்தை இங்கிலாந்தில் விற்கும் பெட்டிகளிலும் அச்சிட முடியுமா என்று பார்க்கக் குறித்துக்கொண்டார்.

எல்லோருக்கும் தேநீர் வந்தது, காகிதக் கோப்பையில்.

படியிறங்கும்போது பாஸ் சொன்னார்: “பெர்மனென்ட்தான் போ. ஆனா இனிமே உண்மையைச் சொல்றதுக்கு முன்னாடி கையெழுத்தை வாங்கிடு.”

“வாங்கிட்டுச் சொன்னா ஏமாத்துனதா ஆகாதா, பாஸ்?”

“அதை யோசிக்கத்தான் உனக்குச் சம்பளம். நாளைக்குக் கடையை நீ திற,” என்று சாவியை என் கையில் வைத்தார்.